டிராயரில் ஏழு கவர்: எங்கள் பக்கத்துத் தன்னார்வலர் குழுவுக்கு ஒரு விமர்சனம்

மிக்ஸிக்கு ஸ்டார் போட்டிருக்கிறேன், பொள்ளாச்சி போகிற வழியில் இருக்கிற பரோட்டாக் கடைக்குப் போட்டிருக்கிறேன், கொரியர்காரனுக்குத் திட்டித் திட்டிப் போட்டிருக்கிறேன். இதற்கு எப்படிப் போடுவது என்று ரொம்ப நாளாக யோசித்துவிட்டு இன்றைக்குத்தான் கடையைப் பூட்டியதும் உட்கார்ந்தேன். அடி உதை நடக்கிற வீடுகளில் இருக்கிற குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் துணை போகிற தன்னார்வலர் குழு ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. முதலில் ஒரு குழந்தைக்காக நான் உதவி தேடியபோது அவர்கள் வந்தார்கள், அப்புறம் நானும் சேர்ந்துவிட்டேன், இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. குழுவின் பெயரைப் போடமாட்டேன், போடாதீர்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். பெயர் வெளியே தெரிந்தால் குழு ஆட்களின் ஸ்கூட்டி எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று ஊரே பார்க்கும். இங்கே சொல்கிற வீடுகளின் வயசு, வேலை, தெரு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் குற்றம், அதனால் யார் என்று தயவுசெய்து துருவாதீர்கள்.

5-க்கு 4. அந்த ஒன்று எங்கே போனது என்று பின்னால் வரும்.

இடத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கேரளாவின் பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், கடைப் பலகையில் இரண்டும். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் ரோடு, கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. பெண் எடுப்பது அந்தப் பக்கம், ரேஷன் கார்டு இந்தப் பக்கம், தென்னந்தோப்பு வேலை இரண்டு பக்கமும். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, எங்கள் பக்கம் கள்ளுக்கடை உண்டு, அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செக்போஸ்ட்டில் வண்டி எந்தத் திசையில் போகும் என்று சொல்லத் தேவையில்லை. குடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு சொட்டுத் தொடாத மனுஷன் பெல்ட்டைக் கழற்றுவதையும் பார்த்துவிட்டேன்.

எனக்கு ஜெராக்ஸ் கடை. கூடவே நோட்டு, பேனா, லேபிள், ரீசார்ஜ். ஜெராக்ஸ் கடைக்காரிக்கு ஊர்க்கதை தானாகவே தெரிந்துவிடும், ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து அடகுச் சீட்டு வரைக்கும் கண்ணாடிமேல் குப்புறப் போட்டு எடுப்பது நாங்கள்தானே. பக்கத்து லைன் வீட்டில் குடியிருந்த ஒரு பெண் அடிக்கடி வருவாள், கூடவே மூன்றாவது படிக்கிற மகள். அந்தக் குட்டி லேபிள் பைத்தியம், படம் போட்ட லேபிளைப் பத்து நிமிஷம் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒன்று எடுக்கும். ஒரு நாள் லேபிளை எடுக்கக் கையை நீட்டியபோது முழங்கைக்கு மேல் நீளமாக இரண்டு கோடு, பக்கத்தில் பக்கத்தில், ஒரே அகலத்தில். விழுந்து அடிபட்டால் அப்படி வராது. சார்ஜர் வயரை மடித்துப் பிடித்தால் வரும்.

அன்றைக்கு நான் செய்தது முட்டாள்தனம். கடையில் இன்னும் இரண்டு பேர் நிற்கும்போதே, “அப்பா அடிச்சாராடா கண்ணு?” என்று கேட்டுவிட்டேன். குட்டி அம்மாவைப் பார்த்தது, அம்மா ஸ்டேப்ளரைப் பார்த்தாள், லேபிளை வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று வாரம் வரவில்லை. ராத்திரி சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அது ஆடி மாசம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கூரை ஓட்டைத் தூக்குகிற நேரம், அந்தக் காற்றுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிட்டேன். 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசில்லை. 1996-இல் மும்பையில் ஆரம்பித்த சைல்டுலைன்தான் இது, 2023-இல் அரசாங்கமே நேரடியாக எடுத்து நடத்த ஆரம்பித்து, அவசர உதவி எண் 112-ஓடு இணைத்தார்கள். என் போனுக்கு எங்கள் வீட்டுப் பின்பக்கம் தமிழ்நாட்டு டவர்தான் கிடைக்கும், அதனால் எடுத்தவர் தமிழிலேயே பேசினார். குழந்தை இருக்கிற இடம் கேரளா என்றதும் இந்தப் பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தார், முழுசாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். என் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயம்கூட இல்லை என்றார்கள். நான் சொன்னேன்.

மறுநாள் காலையில் கடைக்கு ஒரு அம்மா வந்தார். தமிழ் மீடியம் பள்ளியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவோம். ஏதோ ஒரு பேப்பரை நீட்டி “ரெண்டு பக்கமும் ஒண்ணு போடு அம்மிணி” என்றார். போட்டுக் கொடுத்தேன். காசு கொடுத்தார். கூட்டம் போனதும்தான், “அந்தக் குழந்தைகிட்ட நீ என்ன கேட்ட?” என்றார். சொன்னேன். “இனிமே கேக்காத. நீ கேட்ட ஒரு கேள்விக்கு அவ வீட்டுல எத்தனை பதில் சொல்லியிருப்பாளோ.”

இதுதான் எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி, ஒன்றரை வரி. அப்புறம் உட்கார வைத்து இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார்கள், ஆனால் மனசில் நிற்பது இதுதான்.

டீச்சர்தான் ஒருங்கிணைப்பாளர். குழுவில் இரண்டு பக்கமும் சேர்த்து 20 பேருக்குக் கொஞ்சம் மேல். அங்கன்வாடி டீச்சர்கள், குடும்பஸ்ரீ (கேரளாவின் மகளிர் சுயஉதவிக் குழு) சேச்சிகள், ஒரு ஆட்டோக்கார அண்ணன், ஒரு மருந்துக்கடைக்காரர், அந்தப் பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு நர்ஸ், மகளிர் குழு அக்காக்கள், இப்போது நான். யாருக்கும் சம்பளம் கிடையாது. இந்தப் பக்கம் பெண்கள், குழந்தைகள் பாதுகாப்பைக் கவனிக்க வார்டு மெம்பர் தலைமையில் இருக்கிற ஜாக்ரதா சமிதியோடு ஒட்டிக்கொண்டும், அந்தப் பக்கம் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவோடு ஒட்டிக்கொண்டும் ஓடுகிறது. ஜாக்ரதா சமிதி என்பது 1997-லேயே கேரள மகளிர் ஆணையம் ஆரம்பித்து வைத்தது. காகிதத்தில் எல்லா வார்டிலும் இருக்கும், உயிரோடு இருக்கிறதா என்பது அந்தந்த மெம்பரைப் பொறுத்தது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நாங்கள் கதவை உடைத்துக்கொண்டு போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவோம் என்று நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. அந்த அதிகாரமும் கிடையாது. குழந்தையை எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு (குழந்தை விஷயத்தில் முடிவெடுக்கிற அரசுக் குழு) முன்னால் நிறுத்தவேண்டும், அதை முறைப்படி செய்வதற்குப் போலீஸும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இருக்கிறார்கள். எங்கள் வேலை முக்கால்வாசி, கேட்பதும் குறிப்பதும் கூடப் போவதும் மறுபடி போவதும். அந்த ‘மறுபடி போவது’ என்பதற்காகத்தான் நான் இந்தக் குழுவுக்கு நாலு ஸ்டார் போடுகிறேன்.

டீச்சரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது, பால்காரர் கணக்கு எழுதுவாரே, அந்த மாதிரி. பெயரே இருக்காது. ‘14, பச்சை’, ‘9, சிவப்பு’ என்று நம்பரும் நிறமும். எதிரே நாலு கட்டம்: இரண்டாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள், மூன்றாம் மாசம். ஒவ்வொரு கட்டத்திலும் யார் போனார்கள் என்று முதலெழுத்து இருக்கவேண்டும். காலி கட்டம் இருந்தால் அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு டீச்சர் போன் வரும், “ஏனுங்க, உங்க ஏழாம் நாள் என்னாச்சு?” என்பார். அவ்வளவுதான், கோபம் எல்லாம் இல்லை, ஆனால் அந்த ‘ஏனுங்க’வைக் கேட்டால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஹோம்வொர்க் செய்யாமல் நின்ற ஞாபகம் வரும்.

ஏன் இந்தக் கட்டம் என்று கேட்டேன். வாளையார் என்றார். எங்களுக்கு அது பேப்பரில் படித்த ஊர் இல்லை, பஸ்ஸில் தாண்டிப் போகிற ஊர். 2017 ஜனவரியில் 13 வயது அக்கா, மார்ச்சில் 9 வயது தங்கை, ஒரே வீட்டில் தூக்கில் இறந்து கிடந்தார்கள். வழக்கு கோர்ட், அப்பீல், சி.பி.ஐ. என்று எங்கெங்கோ போனது, அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. டீச்சர் கேட்பது ஒன்றுதான்: ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் அந்தச் சின்னவளைப் பார்க்க யாருக்கெல்லாம் முறை போட்டிருந்தார்கள்? இரக்கப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள், எங்கள் ஜில்லாவே அழுதது.

சரி, லைன் வீட்டுக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் குழந்தையிடம் பேசினார், அதற்கென்று படித்தவர், ஒரே தடவை பேசினார். அந்தப் பேச்சை யாரும் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடாது என்பது குழுவில் கண்டிப்பான விதி. அம்மாவிடம் பேசினது குடும்பஸ்ரீ சேச்சி, வட்டிக்கணக்குப் பார்க்கிற சாக்கில். கணவன் வண்டி எடுத்துக்கொண்டு போகிற நேரம் பார்த்து, ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம், இரண்டு வாரம். அவள் முதலில் போலீஸ் வேண்டாம் என்றாள். சரி என்றார்கள். எனக்குக் கொதித்தது. ஆனால் அவள் சம்மதிப்பதற்கு முன்னாலேயே நாம் அவசரப்பட்டால் அடி அவளுக்குத்தான் விழும், நாம் நம் வீட்டில் படுத்துத் தூங்குவோம். குழந்தை விஷயத்தில் மட்டும் அந்தச் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை, அன்றைக்கே குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போய்விட்டது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துப் பார்க்கிற நிதானம் டீச்சரிடம் பார்த்ததுதான், எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தார்கள். “தோசை மாவு இருக்கா?” என்று மெசேஜ் வந்தால், உடனே வா என்று அர்த்தம். “இட்லி மாவு” என்றால் இப்போது வேண்டாம், நாளைக்குக் கூப்பிடு. கணவன் போனைப் பிடுங்கிப் பார்த்தாலும் மாவுதானே. எங்கள் ஊரில் மாவு விற்கிற வீடு தெருவுக்கு ஒன்று இருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது.

என் பங்கு டிராயர். முதல் மாசமே டீச்சர் கேட்டார், “உன் கடையில பூட்டுற டிராயர் ஒண்ணு கிடைக்குமா?” வீட்டை விட்டுக் கிளம்பவேண்டி வரும் பெண் ஜெராக்ஸ் எடுக்க வருகிற மாதிரி வந்து, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகக் கொண்டுவருவாள். நான் இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பழுப்புக் கவரில் போட்டு வைப்பேன். கவர்மேல் நம்பர் மட்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டின புடவையோடு ஓடிவருகிறவள் கார்டைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? பின்னால் கோர்ட், பள்ளிக்கூடம், பேங்க் என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். சிலர் பத்து, இருபது என்று ரூபாயும் கொண்டுவந்து கவரில் போடுவார்கள். ஒருத்தி கவரில் வீட்டுச் சாவி டூப்ளிகேட் வைத்தாள். இதையெல்லாம் எந்த ஆபீஸும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, டீச்சருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள், பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

தோசை மாவு ஒரு புதன்கிழமை வந்தது. ஆட்டோக்கார அண்ணன் பத்து நிமிஷத்தில் தெருமுனையில் நின்றார், குடும்பஸ்ரீ சேச்சி கூட. தனியாக யாரும் போகக்கூடாது, இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், இது விதி. முதலில் சகி மையம், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு மையம், அங்கே ஐந்து நாள் வரைக்கும் தங்கலாம், டாக்டர், வக்கீல், போலீஸ் எல்லாம் அங்கேயே வைத்துப் பேசலாம். அது கிடைக்காத நேரத்துக்குக் குடும்பஸ்ரீயின் உதவி மையம் ஸ்நேகிதா இருக்கிறது. மூன்றாம் நாள் அவள் அண்ணன் வந்து பொள்ளாச்சிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

இங்கேதான் எல்லைச் சிக்கல். அடித்தது கேரளாவில், கல்யாணம் தமிழ்நாட்டில், இப்போது இருப்பது தமிழ்நாட்டில். ஒரு காவல் நிலையத்தில், எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லமாட்டேன், “சம்பவம் அங்கதானம்மா, அங்க போயிக் குடுங்க” என்று மத்தியானம் வரை உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கத்து நர்ஸம்மா கைப்பையிலிருந்து ஒரு லேமினேட் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார் (லேமினேஷன் என் கடை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை). அதில் இரண்டே விஷயம். 2024 ஜூலை 1-இல் வந்த புதிய நடைமுறைச் சட்டம் பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவின்படி, எங்கே நடந்த குற்றமாக இருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கவேண்டும், வாங்கிப் பதிந்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். குடும்ப வன்முறைச் சட்டம் 2005, 27-ஆம் பிரிவின்படி, அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனுப் போடலாம். அண்ணன் வீட்டில் மூன்று நாள் இருந்தாலும் அது தங்கியிருப்பதுதான். அட்டையைப் படித்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். சத்தம் போடவில்லை, வீடியோ எடுக்கவில்லை. நானாக இருந்தால் வீடியோ எடுத்திருப்பேன், காரியம் கெட்டிருக்கும்.

மாஜிஸ்திரேட் மனுவுக்குப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், சமூக நலத்துறை ஆள். நடந்ததை அறிக்கையாக எழுதுவது, கோர்ட்டுக்குக் கொண்டுபோவது அவர் வேலை, வக்கீல் வைக்கக் காசில்லாவிட்டால் 15100-இல் இலவசச் சட்ட உதவி. சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் வாய்தா, அறுபது நாளுக்குள் முடிக்கப் பார்க்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அறுபது நாள் என்பதை யாரும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் யாராவது ஒருவர் கூடப் போய் வராண்டாவில் உட்காருவார்கள், டிபன் டப்பாவோடு. இது ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரியும். தனியாக ஒரு தடவை கோர்ட் வராண்டாவில், எதிர்ப் பெஞ்சில் அடித்தவனும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருக்க, நாலு மணி நேரம் இருந்து பார்த்தால் தெரியும்.

இன்னொரு விதியையும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் இதில்தான் சண்டை வரும். பஞ்சாயத்துப் பேசி முடிப்பது கிடையாது. எங்கள் ஊரில் எல்லாமே பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்கிற வழக்கம், வரப்புத் தகராறிலிருந்து வளைகாப்பு வரைக்கும். பாலியல் தொல்லையில் அந்தப் பேச்சே கிடையாது. குழந்தைகள்மேல் நடக்கிற பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டம் 2012, 19-ஆம் பிரிவு, தெரிந்தவர் யாராக இருந்தாலும் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். நல்ல எண்ணத்தில் தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது, அதுவும் அதே 19-இல் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மருந்துக்கடைக்காரருக்கே தைரியம் வந்தது, அதுவரைக்கும் “நமக்கெதுக்குங்க வம்பு” என்றுதான் இருந்தார். எங்கள் குழுவிலேயே ஒருவர், நல்ல மனுஷர், கோயில் கமிட்டியில் எல்லாம் இருப்பவர், ஒரு வீட்டில் இருபதாயிரம் ரூபாய் வாங்கிக் கொடுத்து விஷயத்தை முடித்துவைக்கலாம் என்று ஆரம்பித்தார். அன்று ராத்திரியே டீச்சர் தகவலைப் போலீஸுக்குக் கொடுத்துவிட்டு, அவரைக் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார். அவர் இன்றைக்கும் டீச்சரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டீச்சர் வணக்கம் வைக்கிறார்.

பாராட்டில் விட்டுப்போகக் கூடாத ஒன்று, பணம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஸ்பான்சர்ஷிப் என்று ஒரு குழந்தைக்கு மாசம் 4000 ரூபாய் உண்டு, கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள் இருந்தால் கேட்கலாம். தாத்தா பாட்டியிடம் வளர்கிற இரண்டு பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்திருந்த வீட்டில், இந்த மனுவைப் போட்டு, அறிக்கைக்கு அலைந்து, ஏழெட்டு மாசம் கழித்து வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அடிப்பது மட்டும் வன்முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கஞ்சி இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இனிக் குறை. முதலில் காகிதம். படிவங்கள் மலையாளத்தில் வரும், கையெழுத்துப் போடுகிற அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நாங்கள் வாசித்துச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறோம், அது சரியில்லை, தனக்குப் புரிகிற எழுத்தில் இருந்தால்தான் அது அவள் சொன்னதாகும். குழு தானாகவே ஒரு தமிழ்ப் பிரதி தயார் செய்து வைத்திருக்கலாம், டைப் அடிக்க என் கடை இருக்கிறது, ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாதக் கூட்டம் படு மோசம். இரண்டு மணிக்கு என்றால் மூன்றரைக்கு ஆரம்பிக்கும், யாராவது ஒரு பிரமுகர் பெண்மையைப் போற்றுவார், சமோசா வரும், வேலை பேச இருபது நிமிஷம் மிஞ்சும். பெட்ரோல், ரீசார்ஜ் எல்லாம் கைக்காசு, தோப்பு வேலைக்குப் போகிற அக்காக்களுக்கு ஒரு நாள் கோர்ட் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஆண்கள் மூன்றே பேர். அடிக்கிற ஆணிடம் போய் உட்கார்ந்து பேச ஒரு ஆண் வேண்டியிருக்கிறது, அந்த மூன்று பேரும் எத்தனை வீட்டுக்குப் போவார்கள்.

ஒரு தடவை பெரிய தப்பு நடந்தது. பள்ளிக்கூட விழிப்புணர்வுக் கூட்டத்தில் எடுத்த போட்டோவை ஒரு பெண் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள், பின்வரிசையில் எங்கள் நோட்டில் இருக்கிற ஒரு குழந்தையின் முகம். நாற்பது நிமிஷத்தில் எடுத்துவிட்டோம். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ. அன்றிலிருந்து கூட்டத்தில் போன் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போகிறது, பிரமுகர் போன் உட்பட.

நம் மனசையும் யாரும் கவனிப்பதில்லை. முதல் மூன்று மாசம் எனக்குத் தூக்கம் சரியில்லை, வீட்டில் கதவு அறைந்தால் திடுக்கென்றது, என் வீட்டுக்காரர்தான் 14416-ஐக் கூப்பிடச் சொன்னார், டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், காசில்லை, தமிழில் பேசினார்கள். இதை முதல் நாளே குழு சொல்லியிருக்கவேண்டும்.

ஆனால் ஸ்டார் குறைந்தது இதற்கெல்லாம் இல்லை. மொத்தக் குழுவும் ஒரு டீச்சர், ஒரு நோட்டு, ஒரு போன் என்று தொங்கிக்கொண்டிருந்தது. போன வருஷம் டீச்சருக்குக் கண்புரை ஆபரேஷன், பன்னிரண்டு நாள் நோட்டைத் திறக்கவில்லை. இரண்டு ஏழாம் நாளும் ஒரு இருபத்தொன்றாம் நாளும் காலியாகப் போயின. போன் அவர் மகனிடம் இருந்தது. ஒரு சாயங்காலம் ஒரு பெண்ணிடமிருந்து மெசேஜ், “தோசை மாவு இருக்கா?” பையன் நல்ல பையன், பெங்களூரிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவன், அவனுக்கு என்ன தெரியும். “இல்லைங்க, நாங்க மாவு விக்கிறதில்ல, நம்பர் மாத்திப் போட்டுட்டீங்க போல” என்று பதில் போட்டுவிட்டான்.

அவள் அன்றைக்கு ராத்திரி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்து மாமா வீட்டுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தாள். பஸ் அன்றைக்கு லேட்டாக வந்ததால் கிடைத்தது. நேரத்துக்கு வந்திருந்தால் அவள் அந்த நிறுத்தத்தில் நின்றிருப்பாள், அவனும் வந்திருப்பான். மறுநாள் விஷயம் தெரிந்தபோது டீச்சர் கண்ணில் கட்டோடு உட்கார்ந்து, “நான் செத்துப்போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

இப்போது குழுவுக்கென்று தனியாக ஒரு போன் வாங்கியிருக்கிறோம், சாதா பட்டன் போன், வாரத்துக்கு ஒருவர் வைத்துக்கொள்கிறோம், கை மாறும்போது கையெழுத்து. நோட்டுக்கு இரண்டாவது பிரதி என் டிராயரில், வெள்ளிக்கிழமை தோறும் டீச்சர் வந்து இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார். அந்தப் பக்கம் நர்ஸம்மா இரண்டாவது ஒருங்கிணைப்பாளர். இது அடுத்த ஆபரேஷன், அடுத்த ஓணம், அடுத்த பொங்கல் வரைக்கும் தாங்குகிறதா பார்த்துவிட்டு அந்த ஒரு ஸ்டாரைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

சேர நினைப்பவர்களுக்கு: போலீஸ் சரிபார்ப்பு முடிய எனக்கு இரண்டு மாசத்துக்கு மேல் ஆனது, அதுவரை வீடுகளுக்கு அனுப்பமாட்டார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள், குழந்தைகள் இருக்கிற இடத்துக்கு யாரை அனுப்புகிறோம் என்று பார்க்காத குழுவாக இருந்தால் நீங்களே விலகி ஓடவேண்டும். வாரத்தில் மூன்று மணி நேரம் நிச்சயமாகத் தரமுடியும் என்றால் வாருங்கள். ஆவேசமாக முதல் மாசம் முப்பது மணி நேரம் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறவர்களால் எங்களுக்குக் காலி கட்டம்தான் மிச்சம். உங்கள் பக்கத்தில் குழு எதுவும் இல்லையென்றாலும் நம்பர் எல்லோருக்கும் ஒன்றுதான்: குழந்தை என்றால் 1098, பெண்கள் 181, கண்ணெதிரே நடக்கிறது என்றால் 112.

டிராயரில் இப்போது ஏழு கவர் இருக்கிறது. போன வாரம்வரை எட்டு. லைன் வீட்டில் இருந்தவள் மகளோடு பஸ்ஸில் வந்திறங்கி, “அந்தக் கவர குடுங்க்கா, புது ரேஷன் கார்டுக்கு எழுதிக் குடுக்கணும்” என்றாள். கொடுத்தேன். உள்ளே இருந்த பிறப்புச் சான்றிதழ் மங்கலாக இருந்தது, அசலை வாங்கி இன்னொரு காப்பி போட்டேன், அதற்குக் காசு வேண்டாம் என்றேன். குட்டி அதற்குள் லேபிள் ராக்கையே கவிழ்த்துவிட்டது. பத்து நிமிஷம் புரட்டிவிட்டு யானைப் படம் போட்டதை எடுத்து, இது இலவசம் இல்லைதானே என்று கேட்டு, பத்து ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனது.